மூன்று முறை கூப்பிட வேண்டும்

நீங்கள் சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தால் எனக்கு வசதியாக இருக்கும். வெளிச்சம் உங்கள் உதட்டில் விழ வேண்டும். எழுதுகிறவர் எங்கே உட்கார்ந்தாலும் பரவாயில்லை. அவர் பேசப்போவதில்லை.

ஆமாம், காஜியார் அவர்களே, எனக்குக் காது கேட்காது. இடது காது ஜப்பான்காரன் இருந்தபோதே போனது. ஆழத்தில் சிக்கிய வலையை எடுக்க இறங்கினேன். உள்ளே ஏதோ வெடித்தது. மேலே வந்தபோது காதிலிருந்து இரத்தம் வந்தது. வலது காது மெதுவாகப் போனது. என் மனைவி இறந்த மாதத்தில் முழுவதும் போய்விட்டது. வீடு அமைதியானது அவளாலா காதாலா என்று எனக்குச் சரியாகத் தெரியாது.

எம்போங்கின் மனைவி கெல்சோமின் மனுவுக்காக என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவன் கடலில் காணாமல் போய் நாலு வருஷம் ஆகிறது. இறந்ததைப் பார்த்த சாட்சி இல்லாவிட்டால், அவன் வயதுக்காரர்கள் எல்லாரும் போய்ச் சேரும்வரை மறுமணத்துக்கு அவள் காத்திருக்க வேண்டும் என்று சட்டக் கிதாபில் இருப்பதாகச் சொன்னார்கள். அவன் வயதுக்காரர்கள் எங்கள் கரையில் இருபது பேர் இருக்கிறார்கள். எல்லாரும் திடமாக இருக்கிறார்கள்.

அவள் காத்திருக்க வேண்டியதில்லை. நான் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் வேலை என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். மீன் கேட்பவன், அதாவது மீனின் சத்தத்தைக் கேட்டுச் சொல்பவன். எங்கள் தலைவர் தெராமானின் படகில் பத்தொன்பது வருஷம். கடலில் அங்கங்கே தென்னோலைக் கட்டுகளைக் கயிற்றில் கோத்துக் கல் போட்டு நிறுத்தியிருப்போம். மேலே ஒரு மிதவை மூங்கில். ஓலையின் நிழலுக்கு மீன் வரும். விடிந்ததும் நான் சம்பான் என்கிற சின்னத் தோணியில் போய் ஒவ்வொரு மூங்கிலின் பக்கத்திலும் தண்ணீரில் இறங்குவேன். ஒரு கை சம்பானைப் பிடித்திருக்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும். என்ன மீன், எவ்வளவு, எந்தப் பக்கம் என்று கேட்பேன். பிறகு சம்பானில் ஏறித் தொப்பியை ஆட்டுவேன். மீன் கலையக்கூடாது என்று பெரிய படகு தூரத்திலேயே நிற்கும். தொப்பியைப் பார்த்துத்தான் வரும்.

காது போன பிறகு எப்படி என்று கேட்கிறீர்கள். எல்லாரும் கேட்டிருப்பார்கள், தெரிந்திருந்தால். காற்றில்தான் எனக்குக் கேட்காது. தலை தண்ணீருக்குள் போனால் கேட்கும். காதால் அல்ல. தாடையால், மண்டை ஓட்டால், பல்லால். கத்தாழை மீன் தவளை மாதிரி உறுமும். கானாங்கெளுத்திக் கூட்டம் காய்ந்த சருகில் தூறல் விழுவது போல வரும். தூரத்தில் இறால் கூட்டம் எண்ணெயில் வறுபடுவது போலப் பொரிந்துகொண்டே இருக்கும். கரையில் எனக்குப் பள்ளிவாசல் பாங்கு இல்லை, சேவல் இல்லை, மனிதர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து துண்டை உதறினால் தொழுகை நேரம் என்று தெரிந்துகொள்வேன். உலகத்தில் எனக்கு மிச்சம் இருந்த சத்தம் எல்லாம் அந்த மூங்கில்களுக்குக் கீழேதான் இருந்தது.

இதை நான் ஏன் மறைத்தேன் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். கடல் ஒருவனுடைய காதை எடுத்துக்கொண்டால் மீதியையும் எடுக்க வரும் என்பார்கள். அப்படிப்பட்டவன் ஏறிய படகில் மற்றவர்கள் கால் வைக்க மாட்டார்கள். நானே அப்படி ஒருவரை இறக்கிவிட்ட படகில் சின்ன வயதில் வேலை செய்திருக்கிறேன். அவரை யாரும் திட்டவில்லை. காலையில் அவர் வந்தபோது துடுப்பை மட்டும் கொடுக்கவில்லை.

மறைப்பது சிரமமாக இல்லை. எங்கள் வழக்கமே எனக்கு உதவியது.

நீங்கள் நகரத்துக்காரர், கடலுக்கு வந்திருக்க மாட்டீர்கள். கரை மறைந்ததும் நாங்கள் பெயர் சொல்வதில்லை. புலி, எருமை, யானை, குரங்கு எல்லாம் அங்கே ஒரே பெயர்தான், செவே. பெரிய செவே, கொம்பு செவே, கோடு போட்ட செவே. புது ஆள் ஒருவன் தன் எருமை ஈன்றதைப் பற்றி முழுக் கதையையும் செவே செவே என்றே சொல்லி முடித்தான். பிறந்தது கன்றா குட்டியா என்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. மனிதருக்கும் பெயர் கிடையாது. சம்பானில் நான் முன்னவன், எம்போங் பின்னவன். பெயர் சொன்னால் கடலுக்கடியில் இருப்பவை கற்றுக்கொள்ளும்.

அவை கூப்பிடவும் செய்யும். தெரிந்தவர் குரலில், தெரிந்தவர் தட்டுகிற தட்டலில். ஆனால் இரண்டு தடவைதான் அவற்றால் முடியும். மூன்றாவது தடவை மனிதனால் மட்டுமே முடியும். அதனால் கடலில் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது அழைப்புக்குத்தான் பதில் கொடுக்க வேண்டும். ஒன்றுக்கோ இரண்டுக்கோ திரும்பியவன் அவற்றுக்குச் சொந்தம். இதை எங்கள் கரையில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. நடக்கத் தெரிந்தவனுக்கு இது தெரிந்திருக்கும்.

கரையில் என்னை யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால் சிரிப்பார்கள். "செமானுக்கு மூணு தடவை கூப்பிடணும்டா. அவரு இன்னும் கடல்லயே இருக்காரு." மூன்றாவது தடவைக்குள் அவர்கள் என் முன்னால் வந்திருப்பார்கள். நான் அவர்கள் உதட்டைப் பார்த்திருப்பேன். இப்படியே மூன்று வருஷம் போயிற்று. என்னைப் பக்திமான் என்று நினைத்தார்கள்.

எம்போங்குக்கு மட்டும் அந்த வழக்கத்தைக் கேலி செய்யும் துணிச்சல் இருந்தது. "என் பொண்டாட்டி ஒரே தடவைதான் கூப்பிடுவா. அதுக்கே ஓடிருவேன். அப்ப அவதானே பேயி" என்பான். எனக்கு நன்றாகக் கேட்ட நாட்களில் சொன்னது. கெல்சோம் உள்ளேயிருந்து பதில் சொல்வாள். "பேயின்னு தெரிஞ்சுதானே மஹர் குடுத்துக் கட்டினீங்க. திருப்பிக் கேக்காதீங்க." அவர்கள் வீட்டில்தான் நான் அதிகமாகச் சிரித்திருக்கிறேன்.

அவன்தான் என் சம்பானுக்குத் துடுப்புப் போடுகிறவன். என்னைவிட ஆறு வயது இளையவன். என் காது விஷயத்தைக் கண்டுபிடித்தவனும் அவன்தான். ஒரு நாள் மணலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தேன். அவன் பின்னால் வந்து நின்றிருக்கிறான். "அண்ணே, உங்க கைலி பத்திக்கிச்சு." நான் திரும்பவில்லை. "அண்ணே, தலைவர் மாமியார் உங்களைக் கட்டிக்கச் சம்மதிச்சிருச்சு." அதற்கும் திரும்பவில்லை. இதெல்லாம் அவன் பிறகு சொன்னது. சுற்றி வந்து என் முன்னால் குந்தினான். முகத்தில் சிரிப்பு இல்லை. கையை நீட்டி என் காதுமடலைத் தொட்டான். அவ்வளவுதான். 

அன்றிலிருந்து கரையில் அவன் என் முன்னால்தான் உட்காருவான். மற்றவர்கள் பேசியதைத் தன் பேச்சு போலத் திருப்பிச் சொல்வான். சம்பானில் நான் முன்னால் இருப்பதால் என்னால் அவனைப் பார்க்க முடியாது. அதனால் துடுப்பின் பிடியால் அடிப்பலகையைத் தட்டுவான். என் பாதத்தில் தெரியும். ஒரு தட்டு என்றால் வலம். இரண்டு என்றால் இடம். மூன்று என்றால் திரும்பிப் பார். எங்கள் இருவருக்கும் இடையே அது ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. மரத்தின் வழியாகப் பாதத்துக்கு வந்த அந்தத் தட்டல்தான் என் மனைவிக்குப் பிறகு ஒரு மனிதரிடமிருந்து எனக்கு வந்த சத்தம். அவனுக்கு நான் நன்றி உள்ளவன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பித்தளைப் புகையிலை டப்பா ஒன்று அவனுக்குக் கொடுத்தேன். என் தகப்பனுடையது. எப்போதும் இடுப்பில் செருகியிருப்பான்.

அவன் போனது மலைப் பக்கம் புனம் எரிக்கும் மாதத்தில். விடியற்காலைக் கரைக்காற்று புகையை எல்லாம் கடல்மேல் கொண்டுவந்து போடும். வெயில் ஏறிக் கடல்காற்று திரும்பினால்தான் விலகும். அவன் போன நாளுக்கு ஒரு வாரம் முன்பு ஒரு காரியம் நடந்தது. பெரிய படகில் நங்கூரக் கல் இறக்கிக்கொண்டிருந்தோம். கயிறு என் கையில். ஒரு துடுப்புக்காரனின் கை கயிற்றுக்கும் பலகைக்கும் நடுவே மாட்டியிருந்தது. எல்லாரும் நிறுத்து நிறுத்து என்று கத்தியிருக்கிறார்கள். நான் நிறுத்தாமல் கயிற்றை விட்டேன். அவனுக்கு இரண்டு விரல் போயிற்று. நான் மூன்றாவது கத்தலுக்குக் காத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டார்கள். தெராமான் வருத்தப்பட்டார், ஆனால் என்னைக் குறை சொல்லவில்லை. எம்போங்தான் அன்று சாப்பிடவில்லை.

அவன் போன அன்று காலையில் நாங்கள் சம்பானில் முதல் மூங்கிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பாதத்தில் மூன்று தட்டு. திரும்பினேன். அவன் துடுப்பை மடியில் வைத்திருந்தான்.

"முன்னவரே, கரைக்குப் போனதும் தலைவர்கிட்ட சொல்லிரப்போறேன்" என்றான்.

என் காதைத்தான் சொல்கிறான் என்று தெரிந்தது.

"அந்த ரெண்டு வெரலும் என்னையே பாத்து நீட்டுது. நீங்க தெரியாம செஞ்சீங்க. நான் தெரிஞ்சே சும்மா இருந்தேன்."

"எனக்குத் தண்ணிக்குள்ள கேக்குது" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். அவங்க நம்பணுமே."

"அப்ப நான் என்ன செய்ய?"

"எங்க வீட்டுக்கு வந்திருங்க. வலை பின்னுங்க. கெல்சோம் ஆக்கறதத் தின்னுங்க. அவ திட்டறது உங்களுக்குக் கேக்காது, எனக்குத்தான் கேக்கும். நீங்க குடுத்துவச்சவரு."

அவன் சிரிக்கப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. நான் சரி என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு என் இடத்தின்மேல் ஆசையும் இல்லை. அவனால் மீன் கேட்க முடியாது. ஒருமுறை தலையை உள்ளே விட்டுவிட்டு, "எனக்கு என் வயிறு கத்தறதுதான் கேக்குது" என்றான். அவன் சொன்னது நியாயம்தான். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

முதல் மூங்கிலில் பழைய ஓலை அழுகியிருந்தது. புது ஓலை கட்ட அவன் இறங்கினான். இதற்கு நேரமாகும். அவன் கட்டிக்கொண்டிருக்கும்போது நான் அடுத்த மூங்கிலுக்குத் தனியாகப் போய்க் கேட்டுவிட்டுத் திரும்புவேன். எப்போதும் செய்கிற ஏற்பாடுதான். நான் துடுப்பை எடுத்தபோது அவன் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா வாங்க. நான் எங்கயும் போகப்போறதில்ல" என்றான். உதட்டில் படித்தேன்.

இரண்டாவது மூங்கில் ரொம்பத் தூரம் இல்லை. சாதாரண ஆள் ஒருவன் கத்தினால் இன்னொரு சாதாரண ஆளுக்குக் கேட்கும். அங்கே போய்ச் சேர்வதற்குள் புகை மூடிவிட்டது. துடுப்பின் நுனி தெரியவில்லை. நான் தண்ணீரில் இறங்கினேன். தலையை உள்ளே விட்டேன்.

மீன் இருந்தது. கானாங்கெளுத்தி. அந்த வருஷத்தில் நான் கேட்ட பெரிய கூட்டம். சருகுமேல் தூறல் என்று சொன்னேனே, அன்று அது மழையாகவே பெய்துகொண்டிருந்தது. நாளை முதல் இது எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எல்லாச் சத்தத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். வீட்டைக் காலி செய்கிறவன் ஒவ்வொரு அறையாகப் பார்ப்பது போல.

அப்போது தட்டல் வந்தது.

பித்தளை மூங்கிலில் படுகிற சத்தம். தண்ணீருக்குள் அது மிகத் தெளிவாக வரும். ஏழெட்டுத் தட்டுகள் வேகமாக. பிறகு ஒரு இடைவெளி. அது முதல் அழைப்பு.

நான் அசையவில்லை. வழக்கம் அதுதான்.

பிறகு மறுபடியும் வந்தது. இந்தத் தடவை இன்னும் வேகமாக, ஒழுங்கில்லாமல். நடுவே தண்ணீருக்குள் ஒருவன் வாய்விட்டுக் கத்துகிற சத்தமும் இருந்தது. குமிழிகளோடு வருகிற சத்தம். அவன் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக் கத்தியிருக்கிறான். எனக்குக் கேட்கக்கூடிய இடம் எது என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். என்ன சொன்னான் என்று தெரியவில்லை. பெயராக இருக்காது. கடலில் பெயர் சொல்ல மாட்டான். அது இரண்டாவது அழைப்பு.

கீழே இருப்பவை எதைப் போலவும் தட்டும், யாரைப் போலவும் கத்தும் என்பார்கள். புகையிலை டப்பாவைப் போலத் தட்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். இல்லை என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை.

பிறகு நான் தலையை வெளியே எடுத்தேன்.

ஏன் என்று இப்போது கேட்கிறீர்கள். மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அந்த நேரத்துக்கு நான் பொதுவாக ஒரு முறை தலையை எடுப்பதுதான். வெளியே ஒரு சத்தமும் இல்லை. எனக்கு வெளியே எப்போதும் இல்லை. வெள்ளையாக இருந்தது. சம்பானில் ஏறி உட்கார்ந்தேன். அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அடிப்பலகையில் கால் வைத்தால் எனக்குச் சில சமயம் அதிர்வு தெரியும் என்று சொன்னேன். கால் மரத்திருந்தது. அதனால் பாதங்களைத் தூக்கிக் குறுக்குப் பலகைமேல் வைத்துக்கொண்டேன். வெற்றிலை போட்டேன். முதல் வெற்றிலை முடிந்து இரண்டாவதும் போட்டேன்.

காற்றில் அவன் கத்தினானா என்று எனக்குத் தெரியாது. அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

கடல்காற்று திரும்பிற்று. புகை முதலில் மேலே கிழிந்தது. வெயில் தெரிந்ததும் முதல் மூங்கிலுக்குப் போனேன். நீரோட்டம் பலமாகிவிட்டிருந்தது. ஓட்டம் பலமானால் கல் கீழே இழுக்க மூங்கில் தண்ணீருக்குள் போய்விடும். ஒரு சாண் உள்ளே போயிருந்தது. அவன் அதற்கும் கீழே இருந்தான். புது ஓலையைக் கட்டும்போது கயிற்றில் விட்ட சுருக்கு அவன் கணுக்காலில் இறுகியிருந்தது. கத்தி நழுவியிருக்க வேண்டும், கையில் இல்லை. மூங்கில் மிதந்திருந்தவரை அதைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பான். ஒரு கை இன்னும் அதை அணைத்திருந்தது. மற்றக் கையில் டப்பா. கண் திறந்திருந்தது. இறந்திருந்தான். கழுத்தில் கைவைத்துப் பார்த்தேன். இதுதான் உங்களுக்கு வேண்டிய சாட்சி.

ஒரு கத்தியும் ஓர் ஆளும் இருந்திருந்தால் போதும். என் இடுப்பில் கத்தி இருந்தது.

அதை எடுத்துக் கணுக்காலில் இருந்த சுருக்கை அறுத்தேன். கையை விடுவித்தேன். விரல்களைத் திறக்கச் சிரமமாக இருந்தது, ஆனால் டப்பாவை எடுத்துக்கொண்டேன். பிறகு அவனை விட்டேன். நீரோட்டம் கொண்டுபோயிற்று. வெகுநேரம் தெரிந்தான். காலில் சுருக்கோடு அவர்கள் பார்த்தால், இவன் கூப்பிட்டிருப்பானே என்பார்கள். கூப்பிட்டிருந்தால் செமானுக்குக் கேட்டிருக்குமே என்பார்கள். மீன் மூச்சு விடுவதைக் கேட்கிறவனுக்கு மனிதன் தட்டுவது எப்படிக் கேட்காமல் போகும் என்று யோசிப்பார்கள். யோசித்தால் காதுக்கு வருவார்கள். அவன் போன பிறகு அதையெல்லாம் கிளறுவதில் யாருக்கும் பலன் இல்லை.

இரண்டாவது மூங்கிலுக்குத் திரும்பினேன். மீன் அங்கேயே இருந்தது. ஏறித் தொப்பியை ஆட்டினேன்.

பெரிய படகு வந்தது. வலை இறக்கினார்கள். தெராமான் பின்பக்கத்திலிருந்து விரலை நீட்டி, பின்னவன் எங்கே என்று சைகையில் கேட்டார். வலையைக் காட்டினேன். வலை தண்ணீரில் இருக்கும்போது இல்லாததைப் பற்றிப் பேசக்கூடாது. அவருக்கும் அது தெரியும். தலையாட்டிவிட்டு இழுக்கத் தொடங்கினார். படகு நிறைந்தது. இரண்டு தடவை கரைக்குப் போய்வர வேண்டிய மீன். பையன்கள் போல எல்லாரும் சிரித்தார்கள். கடைசி முடிச்சு மேலே வந்த பிறகுதான் சொன்னேன். புகை மூடியது, திரும்பிப் போனேன், மூங்கில் இருந்தது, அவன் இல்லை.

சாயங்காலம்வரை தேடினோம். நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று என்னைக் கேட்டார்கள். வடக்கே என்று சொன்னேன். தெற்கே போய்க்கொண்டிருந்தது. கண்டுபிடித்திருந்தால் கெல்சோம் இந்த நாலு வருஷம் உங்கள் வாசலில் நின்றிருக்க வேண்டியதில்லை. அது எனக்கு உறுத்தல்தான்.

திரும்பும்போது தெராமான் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். சிரித்த முகம் அதற்குள் கிழவர் முகமாகிவிட்டிருந்தது.

"உனக்கே கேக்கலையா?"

"கேக்கல."

"அப்ப கூப்பிட்டிருக்க மாட்டான்" என்றார். "கூப்பிட நேரம் குடுக்காம எடுத்துக்கிச்சு." பிறகு மீனைப் பார்த்துக்கொண்டே, "இவ்வளவு குடுத்தப்பவே நான் யோசிச்சிருக்கணும்" என்றார்.

தீங்கு கழியப் படகின் முன்முனையை அரிசி மாவு கரைத்த தண்ணீரால் கழுவினார்கள். மூன்று நாள் அவன் பெயரை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பருவம் முழுவதும் நல்ல மீன். வேறொருவன் துடுப்புப் போட்டான். தட்டத் தெரியாதவன்.

போன மாதம் கெல்சோம் என் வீட்டுக்கு வந்தாள். ஒரு தட்டில் ஒட்டரிசிச் சோறும் பொரித்த மீனும் கொண்டுவந்தாள். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் கூப்பிடவில்லை என்று நினைக்கிறேன். நேராகச் சுற்றி வந்து வெளிச்சத்தில் உட்கார்ந்து, உதட்டை மெதுவாக அசைத்துப் பேசினாள். அப்போதுதான் தெரிந்தது. அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான். அவளும் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

"உங்களுக்குக் கேட்டிருக்காது அண்ணே. அது எனக்குத் தெரியும். ஊரே உங்க காதை வச்சுத்தான் அவரு கூப்பிடலன்னு சொல்லுது. நான் அப்படி நெனக்கல. கூப்பிட்டிருப்பாரு. வாயி சும்மா இருக்கற ஆளா அவரு? உங்களுக்குக் கேக்கல, அவ்வளவுதான். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

நான் மீனைப் பிட்டுக்கொண்டிருந்தேன்.

"செத்துட்டாரான்னு மட்டும் சொல்லுங்க. மாராங் ஊர்ல இருந்து ஒருத்தர் என்னைப் பொண்ணு கேட்டு வந்திருக்காரு. படகு கட்டறவரு. நல்ல மனுசன். அதுக்காக மட்டும் கேக்கல. ராத்திரி கதவத் தாழ் போடலாமா கூடாதான்னு தெரியாம நாலு வருசமாத் தூங்கறேன்."

எனக்குக் கேட்டது என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் திருத்தத் தோன்றவில்லை. சோறு நன்றாக இருந்தது. ஒரு பெண் என் எதிரே உட்கார்ந்து பேசி நெடுங்காலம் ஆகிறது. காஜியாரிடம் சொல்கிறேன் என்றேன்.

நான் இப்போது ஏன் சொல்கிறேன் என்று தெராமானைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார். இந்தப் பருவத்தில் என் தொப்பியை நம்பி மூன்று தடவை வலை இறக்கினார்கள். மூன்றும் வெறும் வலை. தண்ணீருக்குள்ளும் இப்போது எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. மழை, சருகு எல்லாம் போய்விட்டது. தூரத்தில் வறுபடுவது மட்டும் கொஞ்சம் இருக்கிறது. கரையில் இருக்கச் சொல்லிவிட்டார். துடுப்பைக் கொடுக்கவில்லை. இனி இழப்பதற்கு எதுவும் இல்லாததால் சொல்கிறான் என்று நீங்களும் நினைக்கலாம். கெல்சோமுக்காகத்தான் சொல்கிறேன்.

தள்ளினாயா என்று பிறகு போலீஸ்காரர்கள் கேட்பார்கள். தள்ளவில்லை. சுருக்கு நான் போட்டதா என்றால், இல்லை. நான் ஒன்றும் செய்யவில்லை. தலையை எடுத்தேன். அவ்வளவுதான். எடுத்தது எதற்காக என்றால், மூச்சுக்கு என்று சொன்னேன். உங்கள் முன்னால் பொய் வேண்டாம். என்னால் இன்னும் நெடுநேரம் மூச்சடக்க முடிந்திருக்கும். மூன்றாவது வந்தால் நான் போக வேண்டியிருக்கும். போனால் அவனைக் கரைக்குக் கொண்டுவருவேன். கரைக்கு வந்தால் அவன் தலைவரிடம் சொல்வான். அதனால் தலையை எடுத்தேன். கால்களையும் தூக்கிக்கொண்டேன்.

இந்த நாலு வருஷமும் ஒவ்வொரு காலையிலும் அதே இடத்தில் தலையை விட்டுக் காத்திருந்தேன். வந்தால் பதில் கொடுக்கலாம் என்று. வரவில்லை.

இறப்புக்கு ஒரு சாட்சி போதாது என்று கிதாபில் இருந்தால், இரண்டாவதாக இதை வைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய டப்பா. கெல்சோம் அடையாளம் சொல்வாள். பிறகு அவளிடமே கொடுத்துவிடுங்கள். மூடியின் விளிம்பைப் பார்க்கிறீர்கள். ஆமாம், நிறையப் பள்ளங்கள் இருக்கின்றன. சுற்றிலும் இருக்கின்றன. ஒரு பக்கம் பித்தளை கிழிந்தே போயிருக்கிறது. பழைய டப்பா. என் தகப்பன் காலத்திலேயே விழுந்தவையாக இருக்கலாம்.

எனக்குக் கேட்டது இரண்டு. அதைக் குர்ஆன்மேல் கைவைத்துச் சொல்வேன். மூன்றாவது தடவை கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.